குழந்தைகளோடு காட்டில் இரு நாள்



பாடசாலை விடுமுறை நெருங்கியதும் வீடுகள்தோறும் ஒரு வினா எழுகின்றது. இம்முறை பிள்ளைகளை எங்கே கூட்டிச் செல்வது என்பதே அவ்வினா. கடற்கரை, கோயில் திருவிழா, மலைநாட்டுக் குளிர் என வழக்கமான விடைகள் பல உள. அண்மைக் காலத்தில் அவற்றோடு வேறொரு விடையும் சேர்ந்திருக்கின்றது. காட்டுக்குப் போவோம், அங்கே விலங்குகளைக் காண்போம், ஓரிரவோ ஈரிரவோ தங்கி வருவோம் என்பதே அது. அவ்வாறு தங்குவதற்கு எவ்வகை இடங்கள் உள, பிள்ளைகள் அங்கே என்ன செய்யலாம், பெரியோர் எவற்றைக் கவனித்தல் வேண்டும் என்பனவற்றை இன்று எடுத்துச் சொல்ல விரும்புகின்றேன். காட்டிலிருந்து திரும்பும் பிள்ளையிடம் நாம் கேட்கும் ஒரு கேள்வியைப் பற்றியும் ஈற்றிற் பேசுவேன்.

இத்தகைய பயணத்தைச் 'சபாரி' என்று யாவரும் சொல்கின்றனர். கிழக்காபிரிக்காவிற் பேசப்படும் சுவாகிலி மொழியில் அதற்குப் பயணம் என்பதே பொருள். அரபு மொழியின் 'சபர்' என்னும் சொல்லே அதற்கு மூலம். நம் நாட்டு முஸ்லிம் மக்கள் பயணத்தைச் சபர் என்று வழங்குவதை நாம் கேட்டிருக்கின்றோம். ஆதலின் இச்சொல் நமக்கு முற்றும் புதியதன்று. ஒரு காலத்தில் ஐரோப்பியர் துப்பாக்கி ஏந்தி வேட்டைக்குச் செல்லும் பயணத்தை இச்சொல்லாற் குறித்தனர். இன்று துப்பாக்கி இருந்த கையிற் கமரா இருக்கின்றது. ஆயினும், வேட்டைக்காரனின் அவசரம் நம்மை விட்டு முற்றாக நீங்கிவிட்டதா என்பதைச் சற்றுப் பின்னர் ஆராய்வோம்.

எடுத்துக்காட்டாக வில்பத்துவைக் கொள்வோம். புத்தளத்துக்கு வடக்கே, அனுராதபுரத்துக்கு மேற்கே, மேலைக்கடல் வரை பரந்து கிடப்பது இக்காடு. தெற்கே கலா ஓயாவும் வடக்கே மோதரகம் ஆறும் இதற்கு எல்லைகள். இதன் பரப்பு ஏறத்தாழ 1,317 சதுர கிலோமீற்றர். 1905ஆம் ஆண்டிற் சரணாலயமாக்கப்பட்ட இவ்விடம், 1938ஆம் ஆண்டிற் தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. இதன் சிறப்பு இங்குள்ள வில்லுகள். வில்லு என்பது மனிதர் அணைகட்டி ஆக்கிய குளமன்று. நிலம் தானே தாழ்ந்த இடத்தில் மழைநீர் தேங்க, சுற்றிலும் வெண்மணல் கரையிட்டு நிற்கும் இயற்கை நீர்நிலையே வில்லு. அத்தகைய வில்லுகள் நிறைந்த பற்று ஆதலின் வில்பத்து என்னும் பெயர் வந்தது என்பர். காளிவில்லு, பணிக்கர்வில்லு முதலிய பெயர்களைக் கேட்கும் தமிழ்ப்பிள்ளை, பாதிக் காட்டைப் பெயராலேயே அறிந்துகொள்கின்றது.

போர் மூண்ட காரணத்தால் 1980களின் பிற்பகுதியில் இப்பூங்கா மூடப்பட்டது. 2003இல் திறக்கப்பட்டு மீண்டும் மூடப்பட்டது. 2010ஆம் ஆண்டிலேதான் நிலையாகத் திறக்கப்பட்டது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் இவ்வில்லுகளைக் காணாமலே வளர்ந்துவிட்டனர். இன்று தம் மக்களை அங்கே அழைத்துச் செல்லும் பெற்றோருட் பலர், தாமும் முதன்முறையாகவே அக்காட்டைக் காண்கின்றனர். ஆதலின், காட்டில் எவ்வாறு நடந்துகொள்வது என்பதைப் பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே கற்கவேண்டிய நிலை உளது.

தங்குமிடங்கள் இருவகைப்படும். பூங்காவின் எல்லைக்கு வெளியே தனியார் நடத்தும் விடுதிகளும் கூடார மனைகளும் ஒருவகை. அங்கே உணவு, கட்டில், நுளம்புவலை, வண்டி ஆகிய யாவும் அவர்களாலேயே ஒழுங்கு செய்யப்படும். பூங்காவின் உள்ளே, வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு உரிய பங்களாக்கள் மற்றொருவகை. இவற்றை முன்கூட்டியே பதிவுசெய்து பெறல் வேண்டும். சமைத்துத் தருவதற்கு ஆள் இருப்பர். ஆயின், அரிசி பருப்பு முதற் குடிநீர் வரை நாமே கொண்டு செல்லல் வேண்டும். வசதி குறைவு. ஆனால், மாலை ஆறு மணிக்குப் பூங்காவின் வாயில் மூடப்பட்டபின், வந்த வண்டிகளெல்லாம் வெளியேறிவிட, காடு தன் இயல்புக்குத் திரும்புவதை உள்ளே இருந்தே கேட்கும் பேறு பங்களாவில் தங்குவோர்க்கே உண்டு. மிகச் சிறிய குழந்தைகள் உள்ள குடும்பத்தினர் வெளியேயுள்ள விடுதியைத் தெரிவதே நன்று. பிள்ளைக்கு உடல்நலங் குன்றினால் நள்ளிரவிலும் ஊருக்குப் புறப்பட வழியிருக்கும்.

சென்ற ஆண்டு என் மகனின் பிள்ளைகள் இருவரோடு இத்தகைய பங்களா ஒன்றில் இரண்டு இரவுகள் தங்கினேன். பேத்திக்குப் பத்து வயது, பேரனுக்கு ஆறு. புறப்படுமுன் பேரன் கேட்ட முதற் கேள்வி, "அப்பப்பா, எத்தனை சிறுத்தை காட்டுவீர்கள்?" என்பது. கடைக்காரனிடம் விலை கேட்பதுபோற் கேட்டான். அவனைக் குறை கூறுவதற்கில்லை. வீட்டிற் பெரியோர் பேசியதைக் கேட்டே அவனும் அவ்வாறு கேட்டான்.

பிள்ளைகளோடு காட்டுக்குச் செல்வோர் முதலில் அறிய வேண்டியது நாளின் ஒழுங்கு. விலங்குகள் வைகறையிலும் மாலையிலுமே வெளியில் உலாவும். உச்சிவேளையில் அவை நிழலிற் படுத்துவிடும். ஆதலின் காலையில் மூன்று மணிநேரம், மாலையில் மூன்று மணிநேரம் வண்டியிற் செல்வது போதும். விடியலிற் புகுந்து பொழுதுசாயும்வரை வண்டியிலேயே இருப்பது பெரியோரையே களைக்கச் செய்யும். புழுதியிலும் குலுக்கத்திலும் களைத்த பிள்ளை அழத் தொடங்கினால், பின்னர் யானையே எதிர்நின்றாலும் அதற்கு மகிழ்ச்சி தோன்றாது.

வண்டியில் திணைக்களத்தின் வழிகாட்டி ஒருவர் உடன் வருவார். அனுமதிக்கப்பட்ட இடமன்றி வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கலாகாது. மணிக்கு 25 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டலாகாது. உரத்துப் பேசலாகாது. இவ்விதிகளைப் பிள்ளைகளுக்குத் தடைகளாகச் சொல்லாது, காரணத்தோடு சொல்லுதல் நன்று. வண்டியோடு பழகிய விலங்கு அதனை ஒரு பெரிய பொருளாகவே கருதி நிற்கின்றது. அதிலிருந்து மனிதவுருவம் ஒன்று நிலத்தில் இறங்கியதும் அஞ்சி ஓடும், அல்லது அஞ்சித் தாக்கும். இதைச் சொன்னபின் என் பேரன் வண்டியின் விளிம்பிற் கைநீட்டவும் இல்லை.

முதல்நாட் காலையில் வழிகாட்டி ஒரு வில்லின் கரையில் எந்திரத்தை நிறுத்தச் சொன்னார். இருபது நிமிடம் இங்கேயே இருப்போம் என்றார். பிள்ளைகளுக்கு முதற் பத்து நிமிடம் பெரும்பாடாக இருந்தது. அதன்பின், முன்பு வெறுமையாகத் தோன்றிய கரையில் ஒவ்வொன்றாகப் பொருள்கள் புலப்படத் தொடங்கின. மரக்கட்டை என்று எண்ணியது முதலையாயிற்று. மரத்தடிச் சருகிற் கபரகொய்யன் ஒன்று ஊர்ந்தது. நீர்விளிம்பில் நாரைகள் நின்றன. புள்ளிமான் கூட்டம் ஒரு மரத்தின் கீழே மேய, மேலே மந்திகள் தளிரை உண்டு பாதியைக் கீழே சிந்தின. மான் அவ்விடத்தில் ஏன் மேய்கின்றது என்று வழிகாட்டி கேட்டார். தளிரை உண்பதற்கு என்றாள் பேத்தி. அது பாதி விடையே என்றார் அவர். மந்தி மேலிருந்து நெடுந்தூரம் காணும். சிறுத்தை வருவதைக் கண்டால் அது குரலெழுப்பும், கீழுள்ள மான் தப்பியோடும். மானின் மோப்பமும் செவியும் மந்திக்குத் துணை. ஒன்றுக்கொன்று காவல். ஆட்காட்டிக் குருவி தன் பெயர்க்கேற்ப ஆள்வரவை அறிவிப்பதும் இத்தகையதே. இவ்வொலிகளை அறிந்த பிள்ளைக்குக் காடு முழுவதும் பேசத் தொடங்குகின்றது.

நண்பகலுக்குரிய செயல்கள் பல உள. கண்ட பறவைகளின் பெயரை எழுதிவைத்தல், பெயர் தெரியாதவற்றின் அலகையும் காலையும் வரைந்துவைத்தல், மரங்களை இலையால் அறிதல் என்பன சில. பாலை, வீரை, முதிரை, கருங்காலி என்னும் மரங்களை வன்னி மக்கள் நன்கறிவர். மே முதல் யூலை வரை பாலை பழுக்கும் காலம். அப்போது கரடிகள் மரமேறிப் பழந்தின்பதுண்டு. ஒரு பாலைமரத்தை அறிந்துகொண்ட பிள்ளை, கரடியைத் தேட வேண்டிய இடத்தையும் அறிந்துகொள்கின்றது. ஆனால் இறகாயினும், உதிர்ந்த கொம்பாயினும், கல்லாயினும் எதனையும் பூங்காவிலிருந்து எடுத்துவரலாகாது. இது சட்டம். எடுத்துவர விரும்பும் பிள்ளைக்கு ஒரு பென்சிலும் கொப்பியுங் கொடுத்தாற் போதும். வரைந்த இறகு அதற்கே உரியது.

இனி, பிள்ளைகளை மிகவும் கவர்ந்த செயலைச் சொல்வேன். பொழுது சாயுமுன் பங்களா முற்றத்து மணலை ஒரு விளக்குமாற்றாற் கூட்டிச் சமஞ்செய்து வைத்தோம். அது வெறுந்தாள். இரவு அதில் யார் வந்து எழுதுவார் என்று பார்ப்பதே விளையாட்டு. பூனையினத்தின் அடியில் நகம் பதியாது, நரியின் அடியில் நகம் பதியும். கரடியின் பின்னடி மனிதனின் அடியை ஒத்திருக்கும். யானையின் முன்னடி வட்டம், பின்னடி நீள்வட்டம். இவற்றை முன்னரே படம் வரைந்து காட்டினோம்.

இரவில் விளக்கை அணைத்துவிட்டு முகப்பில் இருந்தோம். ஒலிக்கணக்கு எடுப்பது அப்போதைய விளையாட்டு. பத்து நிமிடத்தில் எத்தனை வெவ்வேறு ஒலி கேட்கின்றது என்று ஒவ்வொருவரும் விரலில் எண்ண வேண்டும். பக்கியின் குரல், தவளை, ஆந்தை, தொலைவில் மரையின் எச்சரிக்கை என்று பேத்தி ஒன்பது எண்ணினாள். மேலே வானம் இருந்தது. ஓகஸ்ட் மாதத்து இரவாதலின் தென்வானில் விருச்சிகமும், அதன் நடுவே செந்நிறமாகக் கேட்டையும் தெளிவாகத் தெரிந்தன. பஞ்சாங்கத்திற் பெயராக மட்டும் கேட்ட விண்மீனைப் பிள்ளைகள் அன்றுதான் கண்ணாற் கண்டனர்.

மறுநாட் காலை, மணலை முதலிற் பார்த்தவள் பேத்தி. அவள் கூவியழைக்கவில்லை. வந்து என் கையைப் பற்றி அழைத்துச் சென்றாள். முற்றத்தின் குறுக்கே, நாங்கள் உறங்கிய அறைச் சாளரத்துக்குப் பத்தடி தூரத்தில், ஒரு யானை நடந்து சென்றிருந்தது. எவரும் சிறிதும் ஒலி கேட்கவில்லை. சமையல் செய்பவர் ஒரு கயிறு கொண்டுவந்தார். யானையின் முன்பாதச் சுற்றளவை இருமடங்காக்கினால் அதன் தோளுயரம் ஏறத்தாழக் கிடைக்கும் என்பது யானையறிந்தோர் கணக்கு. பேத்தி கயிற்றை அடிச்சுவட்டைச் சுற்றி வைத்து அளந்தாள். 130 சதமமீற்றர். இருமடங்கு 260. அவ்வுயரத்தைச் சுவரில் விரலாற் காட்டும்படி பேரன் கேட்டான். நான் கையை உயர்த்தியும் எட்டவில்லை. அவன் நெடுநேரம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போது சமையல் செய்பவர் தமக்குத் தெரிந்த தமிழிற் சொன்ன ஒரு வார்த்தை என் நெஞ்சில் நின்றது. "ஐயா, இங்கே முற்றத்துக்கு யானை வந்தாற் பிள்ளைகளுக்குச் சந்தோஷம். என் ஊரில் முற்றத்துக்கு யானை வந்தால், அன்று என் பிள்ளை பள்ளிக்கூடம் போகாது" என்றார். காட்டோர ஊர்களில் வாழும் பல்லாயிரம் குடும்பங்களின் நிலை இதுவே. 2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் இலங்கையின் யானைகள் 5,879 எனக் கொள்ளப்பட்டன. 2023ஆம் ஆண்டில் மட்டும் 470க்கும் மேற்பட்ட யானைகள் மாண்டன. அதே ஆண்டில் யானைகளால் 160க்கும் மேற்பட்ட மக்கள் உயிரிழந்தனர். விடுமுறைக்கு வந்தவர் இரு நாளிற் திரும்பிவிடுவர். அவ்வூர்ப் பிள்ளை ஆண்டு முழுவதும் அங்கேயே வாழ்கின்றது. இதனையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லாவிடின், காட்டைப் பற்றிப் பாதியையே சொன்னவராவோம். பேத்தி தன் கொப்பியில் யானையின் உயரத்தை எழுதிய தாளிலேயே, அவர் சொன்னதையும் எழுதிக்கொண்டாள். நான் எழுதச் சொல்லவில்லை.

இனி, முன்னர்க் கூறிய வேட்டைக்காரனின் அவசரத்துக்கு வருவோம். யால முதலிய பூங்காக்களில் ஒரு சிறுத்தை காணப்பட்டதும், கைத்தொலைபேசி வழியாகச் செய்தி பரவும். ஜீப் வண்டிகள் நாற்றிசையிலிருந்தும் விரையும். ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்று வழியை அடைக்கும். நடுவில் அகப்பட்ட விலங்கு நீரருந்தவும் வழியின்றி மறைந்துவிடும். வண்டியோட்டியை மட்டும் பழித்துப் பயனில்லை. சிறுத்தையைக் காட்டினாற்றான் பயணிகள் மகிழ்வர், அன்பளிப்பும் தருவர் என்பதை அவர் பட்டறிவால் அறிந்திருக்கின்றார். ஏறும்போதே அவரிடம், "எங்களுக்கு அவசரமில்லை, சிறுத்தை கிடைக்காவிடினும் குறையில்லை, மெல்லச் செல்லுங்கள்" என்று குடும்பத் தலைவர் சொல்வாராயின், அவ்வண்டியின் போக்கே மாறிவிடும். பிள்ளைகளும் அதனைக் கேட்டுக்கொண்டிருப்பர்.

யானைக்கு உணவு கொடுக்கும் வழக்கமும் கைவிடத்தக்கது. உடவளவைப் பக்கத்துத் தெருவோரம் மின்வேலியருகே யானைகள் நின்று பழத்துக்குத் துதிக்கை நீட்டுவதைக் கண்டிருப்பீர்கள். பிள்ளைகள் மகிழ்கின்றனர் என்று நாமும் கொடுத்துவிடுகின்றோம். பழகிய யானை அடுத்த வண்டியை மறிக்கும். கொடாதவரைத் தாக்கும். ஈற்றில் யானையே குற்றவாளியாக நிற்கும். இளம்பிள்ளைகள் யானையை அருகிற் காண விரும்பின், அதே உடவளவையில் 1995ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட யானைக்கன்றுகளின் இடைத்தங்கல் நிலையம் உளது. தாயை இழந்த கன்றுகளுக்குப் பாலூட்டி வளர்த்து, பின் காட்டிலேயே விடுவர். பாலூட்டும் வேளையிற் பொதுமக்கள் சற்றுத் தள்ளியிருந்து காணலாம், தொடுவதற்கு இடமில்லை. ஏன் தொடலாகாது என்று பிள்ளை கேட்கும். மனிதரோடு பழகிய கன்று காட்டில் வாழ இயலாது என்பதே அதற்கு விடை.

உடல்நலம் பற்றியும் சில சொல்வேன். முற்காலத்தில் இக்காடுகளுக்குச் செல்வோர் மலேரியாக் காய்ச்சலுக்கு அஞ்சிக் கொயினா மருந்தோடு சென்றனர். 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆயினும் நுளம்பு ஒழிந்துவிடவில்லை, டெங்குக் காய்ச்சலும் உண்டு. ஆதலின் வலையும் முழுக்கை ஆடையும் வேண்டும். புல்லிற் பிள்ளைகள் நடந்தால் மாலையில் உண்ணி இருக்கின்றதா என்று உடம்பைப் பார்த்தல் வேண்டும். இருட்டியபின் பங்களாவின் படியிறங்கலாகாது. பொலித்தீன் பைகளைக் கொண்டுசெல்லாதிருப்பது சிறந்தது. கொண்டு சென்றால் ஒன்றும் தவறாது திருப்பிக் கொண்டுவரல் வேண்டும். உணவின் மணம் ஒட்டிய பையை யானையும் மானும் விழுங்கிவிடும்.

நாங்கள் அவ்விரு நாளிலும் சிறுத்தையைக் காணவில்லை. ஒருமுறை மந்தி குரலெழுப்ப, மான்களெல்லாம் ஒரே திசையை நோக்கிச் செவி நிமிர்த்தன. புதரில் ஏதோ அசைந்தது, அவ்வளவே. வழிகாட்டி, அது நம்மைக் கண்டுவிட்டது என்றார். வீடு திரும்பியதும் உறவினர் ஒருவர் பேரனைப் பார்த்து, வழக்கப்படியே, "சிறுத்தையைக் கண்டாயா?" என்று கேட்டார். இல்லை என்றால் முகம் வாடுவானோ என்று நான் எண்ணினேன். அவன், "காணவில்லை, சிறுத்தைதான் எங்களைக் கண்டது" என்றான். பின்னர், "நாங்கள் நித்திரையாக இருக்கும்போது ஒரு யானை வாசலால் போனது. அதன் உயரம் எனக்குத் தெரியும்" என்று சொல்லி, உறவினரின் கையைப் பிடித்துச் சுவரருகே அழைத்துச் சென்றான்.

காட்டிலிருந்து வரும் பிள்ளையிடம் எத்தனை கண்டாய் என்று கேளாது, என்ன அறிந்தாய் என்று கேளுங்கள். அடுத்த முறை வண்டியில் ஏறும்போது அது எந்த விடையைத் தேடிச் செல்லவேண்டும் என்பதை நம் கேள்வியே தீர்மானிக்கின்றது. இந்நாட்டில் யானைக்கும் உழவனுக்கும் இடையே உள்ள வழக்கை நாளை தீர்க்கவேண்டியவர்களும் இப்பிள்ளைகளே. அவர்களுட் சிலராயினும், ஓர் இரவில் யானை ஒன்று தம்மை எழுப்பாமற் கடந்து போனதையும், அதே யானையால் ஓர் ஊர்ப்பிள்ளை பள்ளிக்குப் போகாதிருந்ததையும் ஒருங்கே நினைவில் வைத்திருப்பராயின் நன்று.